மாமைட் போத்தலும் அம்மாவின் மறதியும்: லூசி வில்ஸின் கதை

மல்வேர்ன் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் பாணுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் போத்தல் இருக்கும். மாமைட். ஊரில காய்ச்சல் வந்து வாய் கசந்தால் சுடுதண்ணியில் கரைத்துத் தருவார்களே, அதுதான். இங்கே பிறந்த பிள்ளைகள் மணந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

அந்தப் போத்தலுக்குள் ஒரு பெரிய மருத்துவக் கதை இருக்கிறது. கதையின் நாயகி லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண். கதை நடந்த இடங்களோ மும்பை, குன்னூர், சென்னைத் திருவல்லிக்கேணி.

அதை இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீடுகளில் எழுபது, எண்பது வயதான அம்மாமார் அடுப்பை அணைக்க மறந்தால், பேரப்பிள்ளையின் பெயரை மாற்றிக் கூப்பிட்டால், வயசு போனால் மறதி வரும்தானே என்று சொல்லிவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். நானும் என் அம்மா விஷயத்தில் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

லூசி வில்ஸ் 1888 மே 10ஆம் திகதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே பிறந்தார். வசதியான, படிப்பில் அக்கறையுள்ள குடும்பம். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1911இல் முடித்தார். பரீட்சை எழுதலாம், சித்தியடையலாம், ஆனால் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க மாட்டோம் என்று அந்தப் பல்கலைக்கழகம் சொன்ன காலம் அது.

அதே 1911இல் தகப்பனார் இறந்தார். 1913இல் அக்காவும் போய்விட்டார். துக்கத்தில் இருந்த தாயை அழைத்துக்கொண்டு லூசி எங்கள் இலங்கைக்கு வந்தார். பிறகு தென்னாபிரிக்கா போனார். அங்கே இருக்கும்போது முதலாம் உலகப் போர் தொடங்கியது. கேப் டவுன் மருத்துவமனை ஒன்றில் தொண்டராகத் தாதி வேலை பார்த்தார். ஊர் திரும்பியதும் 1915இல் லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். டொக்டராகி வெளியே வந்தபோது அவருக்கு 32 வயது. பிந்தித் தொடங்கியதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை. கிளினிக் வைத்து நோயாளர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ரோயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் கர்ப்பிணிகளின் இரத்தத்தை ஆராயத் தொடங்கினார்.

1928இல் மும்பையில் இருந்து அழைப்பு வந்தது. அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான இரத்தசோகையில் இறந்துகொண்டிருந்தார்கள். சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, ஒவ்வொன்றும் அளவுக்கு மீறிப் பெருத்துப்போகும் விசித்திரமான சோகை அது. ஹாஃப்கின் ஆய்வு நிறுவனத்தில் இருந்துகொண்டு, லூசி முதலில் கிருமியைத் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பெண்களின் சாப்பாட்டைப் பார்த்தார். பழம் இல்லை, மரக்கறி இல்லை, பால் இறைச்சி இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. ஆக வறியவர்கள் யாரோ அவர்களுக்குத்தான் நோய் கூடுதலாக வந்தது.

1929இல் குன்னூருக்குப் போனார். நீலகிரி மலையில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மக்கரிசன் போசாக்கு ஆராய்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார். அந்த ஏழைப் பெண்கள் சாப்பிட்ட அதே சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் லூசி. கர்ப்பமான எலிகளுக்குச் சோகை வந்தது. ஆனால் அந்த எலிகளில் பேன் பரப்பிய ஒரு கிருமியும் இருந்ததால் முடிவு குழம்பியது. உடனே எலிகளை விட்டுக் குரங்குகளுக்கு மாறினார்.

அந்தக் கட்டத்தில்தான் மாமைட் வருகிறது. பியர் வடித்தபிறகு மிஞ்சும் ஈஸ்ட்டில் இருந்து செய்கிற மலிவான பொருள் அது. சோகை பிடித்த குரங்குக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். குரங்கு தேறியது. 1931இல் சென்னை திருவல்லிக்கேணியில் இருந்த கோஷா மருத்துவமனையில் லூசி வேலை செய்தார். பர்தா அணியும் பெண்கள் ஆண் டொக்டரிடம் போகமாட்டார்கள் என்பதற்காக 1885இல் மேரி ஷார்லீப் தொடங்கிய மருத்துவமனை அது. இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. சாகும் நிலையில் வந்த கர்ப்பிணிகள் மாமைட் சாப்பிட்டு எழுந்து உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் லூசி அதை வெளியிட்டார்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அந்த நாளில் இன்னொரு கொடிய சோகைக்கு ஈரலைச் சாப்பிடக் கொடுப்பது அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டு, நோபல் பரிசும் கிடைத்திருந்தது. இரண்டு நோயும் இரத்தத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும். எனவே இரண்டும் ஒன்றுதான் என்று விட்டுவிடுவது சுலபம். லூசி விடவில்லை. அந்த நோயைக் குணமாக்கிய, சுத்திகரித்த ஈரல் மருந்தைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பலன் இல்லை. சுத்திகரிக்காத ஈரலும் மாமைட்டும் மட்டும்தான் வேலை செய்தன. ஆகவே இவை இரண்டு வேறு சத்துக்கள். ஒன்று இருந்தால் மற்றது இருக்கிறது என்று அர்த்தமில்லை.

லூசி காட்டிய சத்து வில்ஸ் காரணி என்று அழைக்கப்பட்டது. 1941இல் கீரையில் இருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமையிலான குழு அமெரிக்காவில் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. மற்றது 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட விட்டமின் பி12.

ஃபோலிக் அமிலத்தின் புகழ் ஓங்கியது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே எடுத்தால் குழந்தையின் முள்ளந்தண்டுக் குறைபாடு பெருமளவு தவிர்க்கப்படும் என்று தெரிந்ததும், 1998இல் கனடா வெள்ளை மாவில் அதைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. நாங்கள் மல்வேர்னில் சாப்பிடுகிற பாணிலும் கொத்து ரொட்டியிலும் அது இருக்கிறது. பி12 அப்படி மாவில் சேர்க்கப்படுவதில்லை. அது இயற்கையாக மீன், இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றில்தான் உண்டு.

இங்கேதான் சிக்கல். பி12 குறைந்த ஒருவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கிடைத்தால் இரத்தம் சரியாகிவிடும். ஆனால் நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். கால் மரத்துப்போவது, தடுமாறி நடப்பது, மறதி. இரத்தசோகை இல்லை என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து நாங்கள் நிம்மதியாக இருப்போம்.

மூளைக்கும் இதற்கும் உள்ள தொடர்பில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளும் வருகிறது. புரதம் செரித்தபிறகு உடலில் உண்டாவது. ஃபோலிக் அமிலம், பி12, பி6 மூன்றும் சேர்ந்து அதை அகற்றவேண்டும். சத்து குறைந்தால் அது இரத்தத்தில் ஏறும். அல்சைமர் நோயாளர்களில் அது கூடுதலாக இருப்பதை 1998இல் ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2010இல் அங்கேயே டேவிட் ஸ்மித் குழு, லேசான மறதி உள்ள 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு வருடம் பி விட்டமின்கள் கொடுத்துப் பார்த்தது. மூளை சுருங்கும் வேகம் ஏறக்குறைய 30 வீதம் குறைந்தது. ஹோமோசிஸ்டீன் கூடியவர்களில் பலன் இன்னும் அதிகம்.

உடனே கடைக்கு ஓடி ஒரு போத்தல் குளிசை வாங்கவேண்டாம். 2014இல் ஏறத்தாழ 22,000 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு ஆய்வு, பொதுவாக எல்லா முதியவர்களுக்கும் பி விட்டமின் கொடுப்பதால் அறிவாற்றல் கூடவில்லை என்றது. குறைபாடு இருக்கிறவருக்கு ஈடுசெய்வது வேறு, இல்லாதவருக்கு அள்ளிக் கொடுப்பது வேறு. யாருக்கு எது குறைகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் லூசி செய்த வேலையும்.

எங்கள் ஆக்களில் பி12 குறைய எத்தனையோ வழி. பலர் மரக்கறிச் சாப்பாடு. வயது ஏறும்போது வயிற்று அமிலம் குறைந்து, சாப்பாட்டில் உள்ள பி12 உடலில் சேருவதும் குறையும். நீரிழிவுக்கு வருடக்கணக்காக எடுக்கும் மெட்ஃபோர்மினும், நெஞ்செரிவுக்கான குளிசைகளும் அதை மேலும் குறைக்கும். என் அம்மாவிடம் இது எல்லாமே இருந்தது. கால் மரத்தது நீரிழிவால் என்று நினைத்தோம், மறதி வயதால் என்று நினைத்தோம். ஒரு சாதாரண பிளட் டெஸ்டில் பி12 மிகவும் குறைவு என்று தெரிந்தது. ஊசி போடத் தொடங்கியபின் நடை தேறியது. மறதி முழுதாகப் போகவில்லை, ஆனால் பேரப்பிள்ளைகளோடு மீண்டும் கதைக்கிறா. அந்த ஒரு வருடத்தை நான் வீணாக்காமல் இருந்திருக்கலாம்.

லூசி வில்ஸ் 1947இல் ரோயல் ஃப்ரீயில் இருந்து ஓய்வு பெற்றார். அதன் பிறகும் ஜமைக்கா, ஃபிஜி என்று போய் ஏழைகளின் சாப்பாட்டையும் இரத்தத்தையும் ஆராய்ந்தார். லண்டன் செல்சியில் தொழிற்கட்சிக் கவுன்சிலராகவும் இருந்தார். கல்யாணம் செய்யவில்லை. கார் வைத்திருந்த பெரிய டொக்டர்மார் மத்தியில் சைக்கிளில் வேலைக்குப் போனவர். 1964 ஏப்ரல் 16ஆம் திகதி காலமானார்.

அடுத்த முறை அம்மாவையோ அப்பாவையோ ஃபேமிலி டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகும்போது, மறதியைப் பற்றியும் கால் மரப்பதைப் பற்றியும் வாய் திறந்து சொல்லுங்கள். பி12 பார்த்தீர்களா என்று கேளுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்றால் நீங்கள் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.