அடுக்களையில் ஆண்டவனைக் கண்டவர்

இன்று பிரான்சு தேசத்தைச் சேர்ந்துள்ள லொரேன் நாட்டிலே, 1614-ஆம் ஆண்டளவில் எளிய குடியில் பிறந்தவர் நிக்கோலா எர்மான். பதினெட்டாம் வயதில், பனிக்காலத்தே இலையற்று நின்ற மரமொன்றைக் கண்டார். அது மீண்டும் தளிர்த்துக் காய்க்கும் என்ற எண்ணமே இறைவன்பால் அவர் உள்ளத்தைத் திருப்பிற்று. போர்வீரராகிக் காலில் காயமுற்றார். பின்பு செல்வர் ஒருவரிடம் ஏவலராயிருந்து, கைப்பட்டதையெல்லாம் உடைப்பவர் எனப் பெயரெடுத்தார்.

1640-இல் பாரிஸ் மாநகரத்துக் கார்மேல் சபை மடத்தைச் சேர்ந்து, சகோதரர் லாரன்ஸ் ஆனார். கிடைத்ததோ அவர் இயல்பாகவே வெறுத்த அடுக்களை வேலை! ஆயினும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அதனை ஆற்றினார். தொடங்குமுன் இறைவன் துணையை வேண்டுவார். நன்கு முடிந்தால் நன்றி செலுத்துவார். தவறினால் மன்னிப்பு வேண்டி, மனஞ்சோராது மேலே செல்வார். செபவேளை, வேலைவேளை என்ற வேற்றுமை அவருக்கில்லை. மடத்திற்குத் திராட்சைமது வாங்கப் பர்கண்டிக்கு அனுப்பப்பட்டபோது, கால் ஊனத்தால் படகிலிருந்த பீப்பாய்களின்மேல் உருண்டே நகர்ந்தார். அப்பணியும் செவ்வனே முடிந்தது. பிற்காலத்தில் மடத்தாரின் மிதியடிகளைச் செப்பனிட்டார்.

1691 பிப்ரவரி 12-இல் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் அதன் பின்னரே நூலாயின.

அடுப்படியிலும் அலுவலகத்திலும் நாளைக் கழிக்கும் நமக்கு, விரும்பாத வேலையும் வழிபாடாகலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.