மாருதி 800 இன்ஜினில் ஒரு ரேஸ் கார்: யார் இந்த ‘கரி’?

கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக்கின் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. இன்ஸ்டாவில் அங்கிருந்து வரும் ரீல்ஸைப் பார்ப்பவர்களில் பலருக்கு ‘கரி’ என்பது ஏதோ கம்பெனியின் பெயர் போலத் தெரியலாம். அது ஒரு மனிதரின் செல்லப் பெயர். முழுப்பெயர் எஸ். கரிவரதன். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இதுவரை கார் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர்: நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக். இருவருமே பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது கரிவரதன் உருவாக்கிய கார் வகையில்தான்.

1954-ல் பிறந்தவர். லட்சுமி மில்ஸ் குடும்பம். கோவைக்காரர்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை. பஞ்சாலை, பம்ப்செட், ஃபவுண்டரி, தெருவுக்குத் தெரு லேத் பட்டறை என்று இருந்த ஊரில் வளர்ந்தவருக்குக் கார் மேல் பைத்தியம் பிடித்தது.

அந்தக் காலத்தில் கார் ரேஸ் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயங்களை நடத்தியது. சாதாரண அம்பாசடர், ஃபியட் கார்களைக் கழற்றி மாட்டி ஓட்டியவர்கள் ஒரு பக்கம். வெளிநாட்டிலிருந்து பழைய ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை இறக்கியவர்கள் இன்னொரு பக்கம். விஜய் மல்லையா 1980-களில் அங்கே ஓட்டியது ஒரு முன்னாள் ஃபார்முலா ஒன் கார்!

இந்த இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. அதுதான் பிரச்சினை.

சக்கரங்கள் வெளியே தெரிய, ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டும் கார்தான் ‘சிங்கிள் சீட்டர்’. ரேஸை முறையாகக் கற்றுக்கொள்ள அதில் உட்கார்ந்தாக வேண்டும். ஆனால் வெளியிலிருந்து வாங்கினால் காரின் விலையைச் சுங்க வரி தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஒரு பார்ட் உடைந்தால் அது கப்பலில் வரும்வரை கார் ஷெட்டில்தான். எனவே எவ்வளவு திறமை இருந்தாலும் பணக்கார வீட்டுப் பையனாக இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கரிவரதனுக்கு அந்தக் கவலை இல்லை. வாங்கி ஓட்டியிருக்கலாம். அவரே நல்ல ரேஸர். இருந்தும், 1980-களின் இறுதியில் அவர் செய்ய இறங்கியது வேறு வேலை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 அதற்குள் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி இன்ஜின். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கைவந்த சமாச்சாரம். பழுதானால் பக்கத்துக் கடையில் ஸ்பேர் கிடைக்கும். ‘ஃபார்முலா மாருதி’யின் இதயம் அதுதான்.

எப்படிச் சாத்தியம்? மாருதி 800-ல் இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்குவாக்கில், ஒரே மூட்டையாக முன்பக்கம் இருக்கும். முன் சக்கரங்களைத்தான் சுற்றும். அந்த மூட்டையை அப்படியே தூக்கி டிரைவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால், அது பின் சக்கரங்களைச் சுற்றும். இரும்புக் குழாய்களை வெல்டு செய்த சட்டகம், மேலே ஃபைபர் கிளாஸ் உடல். பெரிய ரேஸ் கார்களின் அதே அமைப்பு, கோவைப் பட்டறை செலவில். சுமார் 37 குதிரைத்திறன் என்பது இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கதவு, கூரை, பின் சீட் எதுவும் இல்லாத எடையில் அது வேறு கதை.

உலகத்துக்கு இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1960-களில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இன்ஜினை வைத்து ஃபார்முலா வீ. பிரிட்டனில் 1967 முதல் ஃபோர்டு கார்ட்டினா இன்ஜினுடன் ஃபார்முலா ஃபோர்டு. இந்தியாவில் அதற்கு ஒரு ஆள் வர இருபது ஆண்டு பிடித்தது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே இன்ஜின் என்பதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தோற்றவர் காரைக் குறை சொல்ல முடியாது. முன்னால் போகும் காரின் காற்று மறைவில் ஒட்டிப்போய், கடைசி வளைவில் முந்துவதெல்லாம் ஓட்டுபவரின் கையில். தன் ‘சூப்பர் ஸ்பீட்ஸ்’ அணி மூலம் இளைஞர்களுக்கு ஓட்ட வாய்ப்பும் கொடுத்தார் கரி. ‘மலிவு’ என்றாலும் டயர், பெட்ரோல், பயணம் என்று செலவு இருக்கத்தான் செய்தது; அன்றாடக் கூலி வீட்டுப் பிள்ளைக்கு அப்போதும் அது எட்டாத தூரம்தான். ஆனால் கதவு கொஞ்சம் திறந்தது.

1990-ல் பந்தயங்கள் சோழவரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கட்டப்பட்ட புது டிராக்குக்கு மாறின. 1992-ல் அங்கே கோவைப் பையன் ஒருவன், ரேலி டிரைவரின் மகன், தன் முதல் ரேஸிலேயே ஃபார்முலா மாருதியில் போடியம் ஏறினான். வயது 15. பெயர் நரேன்.

1995 ஆகஸ்ட் 24. பறப்பதிலும் ஆசை கொண்டிருந்த கரிவரதன், சிறு விமான விபத்தில் இறந்தார். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நரேனுக்கு அப்போது 18. மெல்போர்னில் நரேன் முதல் இந்தியராக ஃபார்முலா ஒன் தொடக்கக் கோட்டில் நின்றது 2005 மார்ச்சில், கரி போய்ப் பத்து ஆண்டு கழித்து.

அவர் போன பிறகும் அந்தக் கார்கள் ஷெட்டுக்குப் போகவில்லை. வடிவமைத்துப் பத்தாண்டுக்கும் மேல் ஆன நிலையில், 2000-ல் 16 வயது கருண் சந்தோக் பந்தயத்துக்குள் வந்ததும், அந்த ஆண்டே சாம்பியன் ஆனதும் ஃபார்முலா மாருதியில்தான். 2010-ல் அவரும் ஃபார்முலா ஒன் போனார்.

செட்டிபாளையம் டிராக் 2003-ல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2 கிலோமீட்டர். அங்கே ஓடும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்களில் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதும் சுஸுகி இன்ஜின்தான். இப்போது 1,300 சிசி.