நிலநூற் புலவர் ஹென்றி பிளான்போர்டு

காந்திகிராமத்தைச் சூழ்ந்த திண்டுக்கற் சமவெளியிற் கிணறு தோண்டுவோர் சிறிது ஆழத்திலேயே கடும்பாறையை எதிர்ப்படுவர். வெடிவைத்துத் தகர்த்தாலன்றி அது வழிவிடாது. அருகில் நிற்கும் சிறுமலையின் உடலும் அத்தகைய பாறையே. பூமியின் அடியிலே பெருவெப்பத்தாலும் பேரழுத்தத்தாலும் உருமாறி, நெடுங்காலத்திற்குப் பின் மேலே வெளிப்பட்ட தொல்பாறை அது. ஆதலின் அதனுள்ளே சங்கினையோ கிளிஞ்சலையோ இலைவடுவினையோ தேடுதல் வீண். இங்கிருந்து ஏறத்தாழ 100 மைல் வடகிழக்கே, திருச்சிராப்பள்ளியைக் கடந்து அரியலூர்ப் பக்கம் சென்றால் நிலத்தின் இயல்பே வேறாகின்றது. ஆங்கே பாறைகள் ஏட்டுச்சுவடி போல அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. ஓடைக்கரைகளிலே கல்லாய்ச் சமைந்த சிப்பிகளும் பவளங்களும் உதிர்ந்து கிடக்கின்றன. கடலோ இன்று அவ்வூருக்கு நெடுந்தொலைவில் உளது. அவ்வேடுகளை முறைப்படுத்திப் படித்துக் காட்டியவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர். அவர் பெயரை வானிலை நூலார் நன்கறிவர். நம் மண்ணுக்கு அவர் செய்த தொண்டைத் தமிழ் மாணவர் அறிந்தது குறைவு. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

பிளான்போர்டு 1834-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். வில்லியம் தாமஸ் பிளான்போர்டு அவருக்குத் தமையனார். உடன்பிறந்தார் இருவரும் இலண்டனிலிருந்த அரசாங்கச் சுரங்கக் கல்லூரியிற் பயின்று, பின்னர்ச் ஜெர்மானிய நாட்டுப் பிரைபெர்க்கு நகரிலிருந்த புகழ்பெற்ற சுரங்கக் கலைக்கழகத்திலும் கற்றனர். 1855-ஆம் ஆண்டில் இருவரும் ஒருங்கே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் அமர்ந்து கல்கத்தா வந்து சேர்ந்தனர். அத்துறை தாமஸ் ஓல்ட்ஹாம் என்பார் தலைமையில் அப்பொழுதுதான் வேரூன்றி வந்தது.

இருவருக்கும் கிடைத்த முதற்பணி ஒரிசா நாட்டுத் தால்ச்சேர் நிலக்கரி நிலத்தை ஆராய்வது. ஆண்டு ஒரு வியப்பு காத்திருந்தது. மென்மையான களிமட் பாறையினிடையே, யானை புரட்டவும் அரிய பெருங்கற்கள் ஆங்காங்கே புதைந்து நின்றன. நீரோட்டம் அத்துணைப் பெரிய கல்லை உருட்டி வருமாயின் அந்நுண்களியையும் அடித்துச் சென்றிருக்கும். பனிக்கட்டியே அக்கற்களைச் சுமந்து வந்து இட்டிருத்தல் வேண்டும் என்று அவர்கள் முடிவு கூறினர். வெயில் கொளுத்தும் ஒரிசாவிலே பனிக்கட்டியா என்று ஐயுற்றார் பலர். 1872-ஆம் ஆண்டில் நடு இந்தியாவிற் பெங்கங்கை ஆற்றருகே, பனியாறு உராய்ந்து கீறிய பாறைத்தளம் காணப்பட்ட பின்னரே ஐயம் தளர்ந்தது. இருபது வயது சிறிது கடந்த இளைஞர், தம் ஆசிரியர் சொல்லினும் கண்முன் கிடக்கும் கல்லை மிகுதியாக நம்பியமை இங்கே நாம் கருதத்தக்கது.

1857 முதல் 1860 வரை அவர் தென்னாட்டிற் பணியாற்றினார். காவிரிக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட நிலமும், விருத்தாசலம், புதுச்சேரிப் பகுதிகளும் அவர் ஆய்வுக்களங்கள். அங்கே கற்சிப்பிகள் உண்டென்பது முன்னரே தெரியும். சென்னை அரசாங்க அலுவலரான கே என்பாரும் கன்லிப் என்பாரும் 1840-ஐ அடுத்த ஆண்டுகளில் அவற்றைத் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்ப, எட்வர்டு பார்ப்ஸ் என்னும் உயிர்நூற் புலவர் 1846-இல் அவற்றை விரித்தெழுதினார். ஆயினும் அவை பெட்டியிற் சென்ற சிப்பிகள். எந்தச் சிப்பி எந்த அடுக்கிற் கிடந்தது, அதன் கீழிருந்தது யாது, மேலிருந்தது யாது என்பன அப்பெட்டியுடன் செல்லவில்லை. ஏடு கிழிந்த சுவடியிலே செய்யுட்கள் இருந்தும் வரிசை தெரியாமல் இடர்ப்படும் பதிப்பாசிரியரை நாம் அறிவோம். அவ்வரிசையைக் கண்டறிவதே பிளான்போர்டு மேற்கொண்ட வேலை.

அவர் ஓடையோடையாக நடந்து, அடுக்குகள் எப்பக்கம் சாய்கின்றன என்று அளந்து, ஒவ்வோர் அடுக்கின் எல்லையையும் படத்திற் குறித்தார். முடிவில் எல்லாவற்றையும் மூன்று தொகுதிகளாக வகுத்தார். அடியிலுள்ளதற்கு ஊட்டத்தூர்த் தொகுதி என்றும், நடுவிலுள்ளதற்குத் திருச்சிராப்பள்ளித் தொகுதி என்றும், மேலுள்ளதற்கு அரியலூர்த் தொகுதி என்றும் பெயரிட்டார். மூன்றும் கிரெட்டேசியம் என்னும் தொல்காலத்தன. இன்றைய கணக்கின்படி அவற்றின் கடற்படிவுகள் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகட்கு முன் தொடங்கியவை. நூற்றறுபது ஆண்டுகளுக்குமேற் கழிந்தும், உட்பிரிவுகள் பல தோன்றியும், இம்மூன்று பெயர்களும் உலக நூல்களில் நிலைபெற்றுள்ளன. நம் சிற்றூர்களின் பெயர்கள் அயல்நாட்டுப் புலவர் நாவிலும் வழங்குவது இவராலன்றோ!

அவர் பெயரிட்டதோடு நிற்கவில்லை. ஒவ்வோர் அடுக்கும் எவ்வாறு உண்டாயிற்று என வினவினார். ஊட்டத்தூர்த் தொகுதியின் மேற்கெல்லையில், கல்லக்குடி போன்ற இடங்களில், சுண்ணாம்புப் பாறை திட்டுத்திட்டாய் நிற்கின்றது. 1953-இல் நடந்த ஊர்ப்பெயர்ப் போராட்டத்தால் அக்கல்லக்குடியை அறியாதார் இலர். அத்திட்டுகளைப் பழங்கடலின் கரையோரத்துப் பவளத்திட்டுகள் என அவர் கண்டார். இத்தகைய திட்டமைக்கும் பவளம் ஆழ்கடலில் வளராது. ஆகவே கரை அருகே இருந்தது என்பது போதரும். கிழக்கே செல்லச் செல்ல நுண்ணிய களிமண் மிகுகின்றது. அதில் அம்மோனைட்டு என்னும் சுருட்சங்கினங்கள் கிடக்கின்றன. வைணவர் வழிபடும் கண்டகியாற்றுச் சாளக்கிராமமும் இவ்வினத்ததே. நடுத்தொகுதியிலோ பருமணலும், கருங்கல் உருண்டைகளும், கல்லாய்ப்போன மரத்துண்டுகளும் மிகுதி. மேலும் அத்தொகுதி, அடித்தொகுதியின் தேய்ந்த முகத்தின்மீது பொருந்தாமற் கிடக்கின்றது. எனவே கடல் ஒருகாற் பின்வாங்கிற்று, பழைய படிவு அரிப்புண்டது, மீண்டும் கடல் வந்தது என்று அவர் உய்த்துணர்ந்தார். கருடமங்கலத்தில் எடுக்கப்படும் சிப்பிச் சலவைக்கல் இந்நடுத்தொகுதியைச் சார்ந்தது. மெருகிட்டால் அதில் வெண்சிப்பிகள் கருநிறப் பரப்பிலே பூவேலை போல் விளங்கும்.

மலைமேலும் நிலத்துள்ளும் கிடக்கும் சிப்பிகள் நோவாவின் காலத்துப் பெருவெள்ளம் விட்டுச் சென்றவை என்று கிறிஸ்தவ நாடுகளில் நெடுங்காலம் நம்பப்பட்டது. ஒரு வெள்ளம் பவளத்திட்டை வளர்க்க இயலாது; ஒரே வெள்ளம் தன் படிவைத் தானே அரித்து அதன்மேல் மீண்டும் படிய வைத்தலும் ஆகாது. பிளான்போர்டு எவரோடும் சமயவாதம் புரிந்தாரல்லர். அவர் வரைந்த படமே போதியதாயிற்று. வேதத்தைப் போற்றும் நாம் இதனாற் கலங்க வேண்டுவது யாதுமில்லை என்பது எம் துணிபு.

காட்டு வாழ்க்கை அவருடலை வாட்டியது. 1862-இல், அவருடைய தென்னாட்டு ஆராய்ச்சி நூலாய் வெளிவந்த அவ்வாண்டிலேயே, உடல்நலக் குறைவால் நிலவியற் பணியைத் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 28. சேர்த்த சிப்பிகளுள் பெலெம்னைட்டு, நாட்டிலசு ஆகிய இனங்களை மட்டுமே அவர் தாமே ஆராய்ந்தெழுத முடிந்தது. எஞ்சிய பெரும்பொருளை பெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா என்னும் மொரேவிய நாட்டு அறிஞர் ஏற்றுக் கல்கத்தாவில் இருந்து பெருந்தொகுதிகளாக எழுதி முடித்தார். ஸ்டோலிக்ஸ்காவோ 1874-இல் லடாக்கு மலைவழியிலே உயிர் நீத்தார். அரியலூர்ச் சிப்பிகளுக்குப் பெயரிட்டவர் இமயத்தின் பனியில் மாய்ந்தார். அவற்றின் வரிசையைக் கண்டவர் இமயப் பனியை ஆராயப் போகின்றார் என்பது விதியின் விளையாட்டுப் போலும்.

கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்த பின்னும் பிளான்போர்டு பாறைகளை மறக்கவில்லை. 1875-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை நம் போன்ற தமிழ் மாணவருக்கு மிகவும் வேண்டப்படுவது. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிலக்கரியோடு கிடைக்கும் இலைவடுக்கள் ஒத்திருக்கின்றன. திருச்சிராப்பள்ளிச் சிப்பிகளோ, அருகிலுள்ள நருமதைக் கரைச் சிப்பிகளை ஒவ்வாமல், கடலுக்கப்பாலுள்ள நெட்டால் நாட்டுச் சிப்பிகளை ஒக்கின்றன. இவற்றையெல்லாம் கருதி, இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்து ஒரு பெருநிலம் முன்னிருந்து பின் கடலுள் ஆழ்ந்தது என அவர் கூறினார். விலங்குநூற் புலவர் ஸ்கிளேட்டர் 1864-இல் இலெமூரியா எனப் பெயரிட்ட நிலமும் ஏறக்குறைய இதுவே. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 1903-இல் வெளியிட்ட தமிழ்மொழியின் வரலாற்றிற் குமரிநாட்டைப் பற்றி எழுதினார். பின்வந்தோர் குமரியையும் இலெமூரியாவையும் ஒன்றாக்கி, நம் நூல்கள் கூறும் கடல்கோளுக்கு மேனாட்டு நிலநூல் சான்று பகர்வதாக மகிழ்ந்தனர்.

இங்கே நடந்தது ஒரு பெரும் பிறழ்ச்சி. பிளான்போர்டு கண்ட ஒற்றுமைகள் மெய். அவற்றுக்கு அவர் கூறிய காரணமே நிலைக்கவில்லை. நிலம் ஆழ்ந்ததன்று, கண்டங்களே பிரிந்து நகர்ந்தன என்று வேகனர் 1912-இற் கூறியது, கடற்றளங்களை ஆராய்ந்த பின் 1960-ஐ அடுத்த ஆண்டுகளில் வலுப்பெற்றது. அரியலூரில் அலையடித்த கடலை மனிதன் கண்டதுமில்லை. அது வந்ததும் மீண்டதும் மனிதவினம் தோன்றுதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்னர். ஆக, அவர் ஆராய்ச்சியில் வீழ்ந்த பகுதியை நம்மவர் விரும்பி எடுத்துக்கொண்டனர். நம் மண்ணைப் பற்றி அவர் நிலைநாட்டிய பகுதியைக் கைவிட்டனர். இலக்கியத்திற் கூறப்படும் கடல்கோளை ஆராய்தல் வேறு. அதற்கு இலெமூரியாவைத் துணையழைத்தல் வேறு. பின்னதை விட்டொழிப்பதாற் சங்க நூல்களுக்கு எள்ளளவும் இழுக்கில்லை.

இனி அப்படுகையைப் பற்றி இன்று அறியப்படுவதைச் சிறிது கூறுவோம். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகட்கு முன் இந்திய நிலம் அண்டார்ட்டிக்காவை விட்டுப் பிரியத் தொடங்கிற்று. அப்பொழுது நம் கீழ்க்கரை நிலம் நெடுகப் பிளந்தது. பிளவுகளுக்கு இடையேயுள்ள கட்டைகள் சில தாழ்ந்து பள்ளமாயின. சில தாழாது மேடாய் நின்றன. மேற்கேயுள்ள தொல்பாறை மேடுகள் தேய்ந்து மணலும் களியுமாய் அப்பள்ளங்களை நிரப்பின. சுமை ஏற ஏற, அடித்தளம் குளிரக் குளிர, பள்ளம் மேலும் தாழ்ந்தது, கடல் உட்புகுந்தது. இவ்வாறு இலங்கைக்கும் நமக்கும் இடைப்பட்ட பாக்கு நீரிணை வரை பரந்த காவிரிப் படுகை உண்டாயிற்று. தஞ்சை நாட்டு நெல்வயல்களின் கீழே சிலவிடங்களிற் படிவு மூன்று மைலுக்கும் மிகுந்த ஆழமுடையது. அதன் மேற்கு விளிம்பு மட்டுமே அரியலூர்ப் பக்கத்தில் வெளியே தெரிகின்றது. பிளான்போர்டு கண்டது அவ்விளிம்பையே. உள்ளிருப்பதை அறிய நிலவதிர்வை அனுப்பி அளப்போரும், புவியீர்ப்பின் நுண்வேறுபாட்டை அளப்போரும், கண்ணுக்குப் புலப்படாச் சிற்றுயிர்களின் ஓடுகளையும் மகரந்தத் துகள்களையும் ஆராய்வோரும் கூட வேண்டியதாயிற்று. இந்திய எண்ணெய், இயற்கை எரிவளிக் கழகம் 1964-இற் காரைக்காலில் ஆழ்துளையிட்டது; 1980-ஐ அடுத்த ஆண்டுகளில் நரிமணத்தில் எண்ணெய் கண்டது. எண்ணெய் வேண்டுவோர்க்கும் வயலைக் காக்க விழைவோர்க்கும் எழுந்த பூசலின் முடிவில், 2020-இல் தமிழக அரசியலார் காவிரிக் கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றினர்.

மீண்டும் அவர் வரலாற்றுக்கு வருவோம். 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் பெரும்புயல் ஒன்று கல்கத்தாவைத் தாக்கிப் பல்லாயிரவர் உயிரைக் கொண்டது. அதனை ஆராய்ந்து கேஸ்ட்ரெல் என்பாருடன் பிளான்போர்டு ஓர் அறிக்கை எழுதினார். அன்று முதல் அவர் கருத்து காற்றின்பாற் சென்றது. 1867-இல் வங்காளத்திற்கும் 1875-இல் இந்தியா முழுமைக்கும் வானிலை அறிவிப்பாளராய் அமர்ந்தார். அதன்பின் வந்தது தென்னாட்டை அழித்த தாது வருடப் பஞ்சம். மழை பொய்க்குமா என்பதை முன்னரே அறிய வழியுண்டா என்று அரசாங்கம் அவரைக் கேட்டது. இமயத்தில் வசந்தகாலத்திற் பனி மிகுந்து நின்றால் அவ்வாண்டின் பருவமழை குறையும் என்று அவர் 1884-இல் எழுதினார். 1886 முதல் மழைக்கணிப்பு ஆண்டுதோறும் வெளியிடப்பட்டது. பனி ஒன்றே காரணமன்று என்பது பின்னர்த் தெளிந்தது. எனினும் இமயப் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள உறவு இன்றும் ஆராயப்படுகின்றது. கல்லிலே கடலைக் கண்டவர் பனியிலே மழையைத் தேடினார் என்னலாம். இரண்டிடத்தும் அவர் முறை ஒன்றே: தொலைவிற் கிடக்கும் இரண்டு செய்திகளைப் பக்கத்தில் வைத்து நோக்குதல்.

வேலையினின்றும் நீங்கித் தாயகம் சென்ற பின் அவர் நெடுநாள் வாழவில்லை. 1893-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போக்ஸ்டன் ஊரிற் காலமானார். அவர் பவளத்திட்டென்று குறித்த கல்லக்குடிச் சுண்ணப்பாறையிற் பெரும்பகுதி சிமெண்டுத் தொழிலுக்காக வெட்டப்பட்டுவிட்டது. அரியலூரைச் சூழ்ந்த பாறைகளும் அவ்வாறே குறைந்து வருகின்றன. அங்கிருந்து திரட்டிய சிப்பிகளுட் பல கல்கத்தாவில் நிலவியல் ஆய்வுத் துறையாரிடம் உள்ளன.