துப்பாக்கிக் கொல்லர் ஜான் பிரௌனிங்

ஒற்றைவெடி வேட்டைத் துப்பாக்கியின் குழலை அகலக் குடைந்து, பெருவிலங்குக்கேற்ற பெரிய தோட்டாவைப் பொருத்துதல் அரிதன்று. அதன் வெடியழுத்தத்தைத் தாங்கும் பின்பூட்டு அமைவதே அரிது. பூட்டு தளர்ந்தால் வீழ்பவன் சுடுபவனே. இதனை நன்குணர்ந்த பிரௌனிங்கை ஈண்டு நினைவுகூர்கின்றோம்.

அவர் 1855-இல் அமெரிக்காவின் ஆக்டன் நகரில் துப்பாக்கிக் கொல்லர் ஒருவரின் மைந்தராய்த் தோன்றினார். தந்தை மறைந்த 1879-ஆம் ஆண்டிலேயே தம் ஒற்றைவெடித் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். மேலும் கீழும் நகரும் உருக்குக் கட்டையொன்று அதன் பின்வாயை உறுதியாக அடைத்தது. சகோதரருடன் சிறு பட்டறையில் அதனைச் செய்து விற்றார். 1883-இல் வின்செஸ்டர் நிறுவனம் 8,000 டாலருக்கு அவ்வுரிமையை வாங்கி, 1885 முதல் சிறிதும் பெரிதுமாகப் பல தோட்டா அளவுகளில் வெளியிட்டது. பின்வந்த கைவினைஞரும் அளவு மாற்றத்திற்கு அதனை விரும்பி நாடினர்.

1926-இல் பெல்ஜியத்தில் பணிக்கிடையே மறைந்தார். பெருக்க விழைவோர் முதலில் தாங்குவதை நோக்குக. அவர் வாழ்வில் நாம் கற்பது இதுவே.