வேதநாயக சாஸ்திரியார்: பாட்டும் பந்தியும்

பதுளையைச் சூழ்ந்த தோட்டக் கோயில்களில் இன்று ஓயாத வழக்கொன்று நடைபெற்று வருகின்றது. ஆராதனையில் பழைய கீர்த்தனைகளே ஒலிக்க வேண்டும் என்பர் முதியோர். மின்னிசைக் கருவிகளும் புதிய துதிப் பாடல்களும் வேண்டும் என்பர் இளைஞர். விசுவாசத்தைக் காப்பவர் தாமே என்று இரு சாராரும் நம்புகின்றனர். அவ்வழக்கைக் கேட்கும் போதெல்லாம், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே வழக்கில் நின்று போராடிய ஒரு புலவர் என் நினைவில் எழுகின்றார். அவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு. இவர் அவருக்கு முற்பட்டவர்.

சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் பிள்ளை கிறிஸ்தவ நெறியைத் தழுவிய தமிழ்ப் புலவர். 1785இல் அவ்வூருக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் சிறுவனின் கூர்மையைக் கண்டு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். தரங்கம்பாடியிற் கல்வி பெற்றுத் திரும்பிய இளைஞர் 1794இல் தஞ்சைப் பாடசாலையின் தலைமை ஆசிரியரானார். சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்த மற்றொருவர் பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி. இருவரும் வாழ்நாள் நண்பராயினர்.

தமிழ் மக்கள் அறிந்த வடிவங்களிலேயே தம் சமயத்தைப் பாட வேண்டும் என்பது சாஸ்திரியாரின் உறுதி. குறவஞ்சியும் நொண்டி நாடகமும் கும்மியும் உலாவும் அவர் கையில் கிறிஸ்தவ இலக்கியங்களாயின. பெத்லகேம் குறவஞ்சியில் குறி சொல்லும் குறத்தி விசுவாசத்தின் உருவமாக வருகின்றாள். மேனாட்டுப் புதிய வானநூலும் அந்நூலில் இடம் பெறுகின்றது. வடிவத்தை இரவல் வாங்கத் தயங்காத அவர், கொள்கையை மட்டும் விட்டுக் கொடுத்தாரல்லர். விநாயகர் துதியொன்று பாடித் தருமாறு மன்னரே வேண்டிய போதும், தம் ஆண்டவரையன்றிப் பிறரைப் பாட அவர் நா இசையவில்லை என்பது வழிவழி வந்த செய்தி. நட்பு அதனாற் குன்றவில்லை என்பதே இருவருக்கும் பெருமை.

சோதனை அரண்மனையிலிருந்து வரவில்லை, கோயிலிலிருந்தே வந்தது. 1820களில் புதிய மிஷனரிமார் தஞ்சைத் திருச்சபையைத் திருத்த முற்பட்டனர். பப்ரிசியுஸ் ஐயரின் வேதத்தை விலக்கிப் புதிய மொழிபெயர்ப்பைப் புகுத்தினர். தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தனர். திருநாள்களில் மலர் சூட்டுவதைக் குறை கூறினர். எல்லாச் சாதியாரும் திருவிருந்தில் ஒருங்கே அமர வேண்டும் என்றனர். இந்நான்கையும் சாஸ்திரியார் ஒன்றாகச் சேர்த்து எதிர்த்தார். 1829இல் நீண்ட கண்டனம் வரைந்தார். மிஷன் பணியை இழந்த அவரைச் சரபோஜி மன்னர் அரவணைத்தார்.

என் உள்ளம் இடறுவது இவ்விடத்திலேதான். முதல் மூன்றிலும் நான் அவர் பக்கமே நிற்பேன். பாட்டும் மலரும் பழகிய வேத நடையும் ஒரு மக்களின் இதயம் இறைவனை அணுகும் வழிகள். அவற்றை அந்நியரின் கட்டளையால் அறுப்பது கொடுமை. ஆனால் நான்காவது அத்தகையதன்று. முன்னைய ஐயர்மார் பொறுத்துக் கொண்ட வழக்கமல்லவா என்று அவர் வாதாடினார். கொரிந்து நகரில் வறியவர் பசித்திருக்க வசதியுள்ளோர் முந்தி உண்டதற்காகப் பவுல் அடிகள் அச்சபையைக் கடிந்தமையை அவர் அறியாதவரல்லர். ஒரே அப்பத்திற் பங்கு பெறுவது ஆராதனையின் ஆடையன்று, அதன் உயிர் என்பதை மட்டும் காண மறுத்தார். 1833இல் பேராயர் டானியேல் வில்சன் சபைகளிற் சாதி வேற்றுமையை ஒழிக்குமாறு ஆணையிட்ட போதும் சாஸ்திரியார் பழைய வழக்கத்தின் பக்கமே நின்றார்.

காலம் இவ்விரண்டையும் தனித்தனியே தீர்த்து வைத்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் 1853இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் பல இடம் பெற்றன. ஒருகால் மிஷனரிமார் விலக்கிய பாட்டு மற்றொரு மிஷனரியின் கையாலேயே கோயிலுக்குள் மீண்டது. தொண்ணூறாம் அகவையில், 1864இல், அவர் மறைந்தார்.

இதற்கிடையே 1854இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் ஊழியம் தொடங்கிற்று. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. உபதேசிமாரும் கீர்த்தனைகளும் லயங்களுக்கு வந்து சேர்ந்தனர். கடல் கடந்து வந்த தொழிலாளரிற் பெரும் பகுதியினர், தஞ்சைக் கோயிலில் சாஸ்திரியார் தனியே அமர்த்த விரும்பிய மக்களின் இனத்தவரே. அவர் பாட்டைத் தம் பாட்டாக்கி, கொழுந்தாய்ந்து கறுத்த கைகளை ஒரே பந்தியில் நீட்டித் திருவிருந்து பெறுகின்றனர் அவர்தம் வழித்தோன்றல்கள். புலவர் தந்ததை ஏற்று, அவர் தர மறுத்ததையும் தமதாக்கிக் கொண்டவர்கள் அவர்கள்.

ஆகவே, கீர்த்தனையா புதிய பாடலா என்று வழக்காடும் நம் கோயிலாருக்கு நான் சொல்லத் துணிவது ஒன்றே. பாட்டைப் பற்றிப் பொறுமையோடு பேசுங்கள். முதியோரின் ராகத்துக்கும் இளைஞரின் தாளத்துக்கும் இடம் உண்டு. பந்தியைப் பற்றி மட்டும் பேரம் பேசாதீர்கள். நம் கோயில்களில் இன்றும் யாருக்கேனும் பின்வரிசை என்று சொல்லாமலே ஒதுக்கப்பட்டிருக்கின்றதா என்பதை முதலில் நோக்குங்கள். சாஸ்திரியாரின் பாடல்களை நேசிக்கின்ற நாம், அவர் தவறிய இடத்தில் தவறாதிருப்பதே அவருக்குச் செய்யும் நன்றியாகும்.