அரியணை கைவிட்டுப் போனபின் ஆட்டங்களை வகுத்த மைசூரு மன்னர்

பெங்களூரு: திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-ஆம் ஆண்டில், ஐந்து வயது நிறைவதற்கு முன்பே மைசூரு அரியணையில் அமர்த்தப்பட்டவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். நகர் பகுதியில் மூண்ட விவசாயிகள் கிளர்ச்சியைக் காரணம் காட்டி, 1831-இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைத் தம்வசப்படுத்தினர். அதன்பின் ஆணைகள் பெங்களூருவிலிருந்து பிறப்பிக்கப்பட்டன. மைசூரு அரண்மனையில் மன்னருக்குப் பட்டம் மட்டுமே எஞ்சியது.

ஆட்சியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்துக்கொண்டே, அவர் ஆட்டங்களிலும் மனத்தைச் செலுத்தினார். ஸ்ரீதத்வநிதி என்னும் அவரது பெருநூலின் ஒன்பது பகுதிகளில் இறுதியான கௌதுகநிதி, விளையாட்டுகளுக்கே உரியது. கஞ்சிஃபா எனப்படும், கையால் வண்ணம் தீட்டிய சீட்டுகளைக் கொண்டு அவர் புதிய ஆட்டங்களை வகுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு 360 சீட்டுகள் தேவை. இன்று நாம் கையாளும் கட்டில் இருப்பவை 52 மட்டுமே! நினைவாற்றலுக்கு இதைவிடக் கடுமையான சோதனை அரிது.

சதுரங்கக் குதிரை 64 கட்டங்களையும் தலா ஒருமுறை மட்டும் தொட்டுச் செல்லும் புதிரும் அவரை ஈர்த்தது. குதிரை சென்ற வரிசைப்படி கட்டங்களுக்கு எண்ணிட்டால், கிடைவரிசை, நெடுவரிசை ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையும் 260 ஆகும்படி ஒரு வழியை அவர் அமைத்தார். கணிப்பொறி இல்லாக் காலத்தில் இது பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று.

ஆட்சியை மீளப் பெறாமலேயே 1868-இல் அவர் காலமானார். அது 1881-இல் தத்துப்புதல்வர் சாமராஜேந்திர உடையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வகுத்த சீட்டாட்டங்களோ மக்களிடையே பரவவில்லை.