முகம் எழுதிய மேதை ராஜா ரவிவர்மா

நம் இல்லங்களில் பூஜை அறையை அலங்கரிக்கும் லக்ஷ்மி, ஸரஸ்வதி படங்களில் பல, ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களைப் பின்பற்றி வந்தவை என்பதை அன்பர்கள் அறிவீர்கள். ஆனால் அவர் காலத்தில் அவருக்கு முதலில் பெயரும் பொருளும் தேடித் தந்தது, மனித முகத்தை உள்ளது உள்ளபடி எழுதும் திறமைதான்.

1848 ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் கிளிமானூரில் பிறந்தார். ஓவியம் தெரிந்த மாமா ராஜராஜ வர்மாவே முதல் குரு. 1862-ல், 14 வயதில், திருவனந்தபுரம் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவைப் பெற்றார்.

அரண்மனையில் எண்ணெய் வர்ணம் அறிந்தவர் மதுரை ராமசாமி நாயுடு. அவர் கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து சில நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்ததாகக் கூறுவர். 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும், தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே அனுமதித்தார். ரவிவர்மா பார்த்தே கற்றார். எண்ணெய் வர்ணம் மெதுவாகக் காயும். நெற்றி, கன்னம், மோவாய் ஆகியவற்றில் வெளிச்சமும் நிழலும் இழையும்படி திருத்திக்கொண்டே போகலாம். இதை அவர் விடாமல் பழகித் தம் வசமாக்கிக் கொண்டார்.

1870-ல் கோழிக்கோடு சப்-ஜட்ஜ் கிருஷ்ண மேனோன் குடும்பத்தாரைக் கூலி பெற்று வரைந்தார். 1873-ல் கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்திற்குச் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் தந்த சென்னை கவர்னரும் அவர் முன் அமர்ந்தார். முன்பு திருவிதாங்கூர் திவானாக இருந்த சர் டி. மாதவராவ் மூலம் பரோடா அரண்மனையின் கதவு திறந்தது. மைசூருக்காக வரைந்த வாத்தியக் கோஷ்டிப் படத்தில் 11 பெண்கள். இன்னார் இன்ன பிரதேசத்தவர் என்பதை முகமும் உடையுமே சொல்லிவிடும்.

இத்தனை புகழ் பெற்றவர் 1902-ல் தம்பி ராஜராஜ வர்மாவுடன் ஹைதராபாத் சென்றார். நிஜாமின் ஆஸ்தான போட்டோகிராபர் ராஜா தீன்தயாள் அவர்களை விருந்தினராக ஏற்றார். ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானை வரைய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். காத்திருந்தும் அது நிறைவேறவில்லை. மன்னர்கள் பலரை எதிரே உட்கார வைத்து வரைந்தவர், அங்கிருந்து ஏமாற்றத்துடன் திரும்பினார்.

போட்டோவுக்குச் சில நிமிடங்கள் போதும். ஓவியனுக்கோ, உட்காருபவர் பலமுறை நேரம் தர வேண்டும். எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் இது அவன் கையில் இல்லை. ரவிவர்மா போட்டோக்களைப் பார்த்தும் வரைந்ததுண்டு. ஆயினும் நேரில் பார்த்து வரைவதையே நாடினார்.

1904-ல் கைஸர்-இ-ஹிந்த் பதக்கம் பெற்றார். பல படங்களுக்குப் பின்னணி வரைந்து உதவிய தம்பி 1905-ல் மறைந்தது பேரிடி. 1906 அக்டோபர் 2 அன்று ரவிவர்மாவும் காலமானார். நிஜாமின் முகத்தை எழுத வாய்க்காத ஹைதராபாத்தில், இன்று சாலார் ஜங் மியூசியத்தில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு உள்ளன. அங்கு செல்லும் அன்பர்கள் குழந்தைகளையும் அழைத்துச் சென்று காட்டலாம்.

இப்போது நம் குழந்தைகளில் பலர் பென்சிலாலும் வரைகிறார்கள், டாப்லெட்டிலும் வரைகிறார்கள். கருவி எதுவானாலும் பழக ஒரு முகம் வேண்டும். திரையில் கிடைக்கும் படத்தைப் பார்த்து வரைவதோடு நிற்காமல், வீட்டில் உள்ள தாத்தா பாட்டியை எதிரே உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள். நிஜாம் தராத நேரத்தை அவர்கள் சந்தோஷமாகத் தருவார்கள்.